மடிந்த மலையின் வரவு செலவு

இன்று தரைமட்டத்தில் அளந்தால் 10 கி.மீ. அகலம். அதற்குள் ஒரே சுண்ணாம்புக்கல் அடுக்கு மேலேறிக் கீழிறங்கி, மறுபடி மேலேறிக் கீழிறங்கிப் போகிறது. எந்தச் சரிவில் சாய்வுமானியை வைத்தாலும் 60 டிகிரி. மடிவதற்கு முன் இந்த அடுக்கு எவ்வளவு நீளம் இருந்திருக்கும்? 60 டிகிரியின் கொசைன் 0.5. பத்தை அதனால் வகுத்தால் 20 கி.மீ. ஆக, பழைய அகலத்தில் சரிபாதி, 10 கி.மீ., சுருங்கிப் போயிருக்கிறது.

பழைய மலைத்தொடர்களைப் படிப்பவர்களின் கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கம் இதுதான். சரிவு 30 டிகிரி என்றால் சுருக்கம் 13.4 சதவீதம். 45 டிகிரிக்கு 29.3. 60-க்கு 50. 75-க்கு 74.1. கிடையாகக் கிடந்த அடுக்கை 30 டிகிரிக்குத் தூக்க 13 சதவீதச் சுருக்கம் போதும்; அதையே 60-இலிருந்து 75-க்கு நிமிர்த்த 24 சதவீதம் கூடுதலாக வேண்டும். மலையைப் பார்த்துக் கண்மதிப்பாக ‘கொஞ்சம் மடிந்திருக்கிறது’, ‘நிறைய மடிந்திருக்கிறது’ என்று சொல்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இந்த நான்கு எண்களே சாட்சி.

கணக்கு முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: பாறை எங்கும் ஓடிப்போகாது. அடுக்கின் நீளம் மாறாமல் மடிந்திருந்தால் நீளத்தை வைத்துக் கணக்கு. நீளமும் தடிமனும் மாறியிருந்தால் குறுக்குவெட்டின் பரப்பை வைத்துக் கணக்கு. மடிவதற்கு முன்னும் பின்னும் இவற்றில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத குறுக்குவெட்டுப் படம் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும் தவறான படம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

சில்லறைப் பதிவுகள்

பெரிய தொகையை நம்புவதற்கு முன் சில்லறையைச் சரிபார்ப்பதே முறை. ஆல்ப்ஸ் மலையின் கரும் சுண்ணாம்புக்கற்களில் பெலம்னைட் என்ற புதைபடிவம் கிடைக்கும். கணவாய் இனத்தின் பழைய உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது. கூர்முனையுள்ள உருளை வடிவம். பாறை இழுபடும்போது சுற்றியுள்ள களிமண் கலந்த சுண்ணாம்பு நெகிழ்ந்து நீள்கிறது. இறுகிய பெலம்னைட்டால் நீள முடியாது. துண்டு துண்டாக உடைகிறது. துண்டுகளுக்கு இடையே விழும் வெளியில் கால்சைட் வெள்ளை இழைகளாகப் படிந்து நிரப்பிவிடுகிறது. கல்லை வெட்டி வழவழப்பாக்கினால் கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று வரிசை தெரியும். இழைகள் இழுபட்ட திசையிலேயே நீண்டு நிற்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு பதிவு. கரும் துண்டுகளின் நீளங்களைக் கூட்டினால் 6 செ.மீ. முனையிலிருந்து முனை வரை இன்றைய நீளம் 15 செ.மீ. பதினைந்தை ஆறால் வகுத்தால் 2.5. அந்தத் திசையில் பாறை இரண்டரை மடங்காக நீண்டிருக்கிறது. பக்கத்திலேயே வேறு திசையில் கிடக்கும் இன்னொரு பெலம்னைட் 1.2 என்று காட்டலாம். மூன்றாவது ஒன்று நசுங்கி 0.8 என்று காட்டலாம். மூன்று திசைகளில் மூன்று எண் கிடைத்துவிட்டால் அந்தப் பாறைப் பரப்பில் ஒரு வட்டம் எப்படி உருமாறியிருக்கும் என்று காட்டும் திரிபு நீள்வட்டத்தை முழுமையாக வரைந்துவிடலாம். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹைம் 1878-இல் வெளியிட்ட மலையாக்க நூலிலேயே இழுபட்ட பெலம்னைட்டுகள் இடம்பெற்றுவிட்டன. வாலே மாநிலத்தின் லெய்த்ரோன் ஊரில் கிடைத்தவை பற்றி 1963-இல் எழுதிய பதூவின் கட்டுரை, ஜான் ராம்சே 1967-இல் எழுதிய பாறை மடிப்பு நூல் என்று இந்த எளிய வகுத்தல் தொடர்ந்து வளர்ந்தது.

எர்ன்ஸ்ட் க்ளோஸ் செய்தது இதைவிடப் பொறுமையான வேலை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அப்பலேச்சியன் தொடரின் சவுத் மவுன்டன் மடிப்பில், ஊயிட் எனப்படும் சுண்ணாம்பு மணிகள் நிறைந்த கற்கள் உண்டு. ஒவ்வொரு மணியும் 2 மி.மீ.க்கும் சிறியது, பழைய ஆழமற்ற கடலில் உருளும்போது உருண்டையாகவே பிறந்தது. மடிப்பின் பல இடங்களிலிருந்து திசை குறித்து மாதிரி எடுத்து, மெல்லிய தகடுகளாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழே மணி மணியாக அளந்து 1947-இல் அவர் வெளியிட்டார். உருண்டைகள் எதுவும் உருண்டையாக இல்லை. எல்லாம் நீள்வடிவம். அவற்றின் நீண்ட அச்சுகள் பாறையின் பிளவுத்தளத்திலேயே படுத்திருந்தன.

இதன் கணக்கு இப்படி. தகட்டில் ஒரு மணியின் நீள அச்சு 1.8 மி.மீ., குறுக்கு அச்சு 0.9 மி.மீ. என்று வைப்போம். பரப்பு மாறவில்லை என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பழைய விட்டம் 1.27 மி.மீ. நீளவாக்கில் 41 சதவீதம் கூடியிருக்கிறது. குறுக்கே 29 சதவீதம் குறைந்திருக்கிறது.

இந்த 41 சதவீதம் முதல் பக்கத்துக் கணக்கையே கவிழ்த்துவிடும். அங்கே 60 டிகிரிச் சரிவில் அளந்த அடுக்கின் நீளம் 20 கி.மீ. அந்த அடுக்கின் மணிகள் சரிவின் திசையிலேயே 41 சதவீதம் நீண்டிருக்கின்றன என்று பின்னால் தெரியவந்தால், அடுக்கின் உண்மையான பழைய நீளம் 20 அல்ல, 14.1 கி.மீ. சுருக்கம் 50 சதவீதம் அல்ல, 29 சதவீதம். மலையின் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கிய ஆறு கிலோமீட்டரை 1.8 மி.மீ. மணி திருப்பிக் கேட்கிறது. மடிப்பியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நுண்ணோக்கித் தகடும் மலைத்தொடரும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். ஒன்றை எழுதாமல் மற்றதை மூட முடியாது.

எரிசக்திச் செலவு

கல்லை மடிக்க எவ்வளவு ஆற்றல் ஆகும்? ஒரு கன கிலோமீட்டர் பாறையை 30 சதவீதம் சுருக்குகிறோம் என்று வைப்போம். பாறை நெகிழத் தேவையான தகைவு 100 மெகாபாஸ்கல், அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் வளிமண்டல அழுத்தம் என்று கொள்வோம். நடு மேலோட்டின் பாறைகளுக்கு இது கொஞ்சம் தாராளமான எண்தான். மூன்றையும் பெருக்கினால் 3×10¹⁶ ஜூல். நம் மின்கட்டண அட்டையின் மொழியில் 833 கோடி யூனிட்.

தொகை மலைக்க வைக்கிறது. ஆனால் தவணைக் காலத்தைப் பாருங்கள். இந்த வேலை 10 லட்சம் ஆண்டுகளில் நடக்கிறது என்றால் எந்த நேரத்திலும் தேவைப்படும் திறன் 950 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவுதான். அது இடைவிடாமல் 10 லட்சம் ஆண்டு எரிந்தால் ஒரு கன கிலோமீட்டர் பாறை மடிந்துவிடும்.

ஒப்பிட இன்னொரு செலவு: அதே ஒரு கன கிலோமீட்டர் பாறையை, 270 கோடி டன்னை, ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க 2.6×10¹⁶ ஜூல் ஆகும். மடிக்கும் செலவும் தூக்கும் செலவும் ஏறத்தாழ சமம். மடிக்கும் செலவு முழுவதும் வெப்பமாக மாறி, துளியும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால்கூடப் பாறையின் வெப்பநிலை சுமார் 11 டிகிரி செல்சியஸ்தான் ஏறும். இவ்வளவு பெரிய நசுக்கலிலும் பாறை உருகாமல் திடப்பொருளாகவே நெகிழ்வது இதனால்தான்.

வேகத்துக்கும் ஒரு வரி. பழைய மலைத்தொடர்களில் திரிபு வீதம் வினாடிக்கு 10⁻¹⁴ முதல் 10⁻¹⁵ வரை என்பது பொதுவான மதிப்பு. முதல் வேகத்தில் 10 சதவீதம் சுருங்க 3.17 லட்சம் ஆண்டு, இரண்டாவதில் 31.7 லட்சம் ஆண்டு. சோதனைச் சாலையில் 10⁻⁵ வேகத்தில் அழுத்தினால் அதே 10 சதவீதத்துக்கு 2 மணி 47 நிமிடம் போதும். 1911-இல் தியோடோர் ஃபான் கார்மன் கராரா சலவைக்கல்லை எல்லாப் பக்கமும் திரவ அழுத்தம் கொடுத்து நசுக்கி, அது நொறுங்காமல் நெகிழும் என்று காட்டியதிலிருந்து இன்று வரை நடக்கும் சோதனைகளுக்கும் மலைக்கும் இடையே 100 கோடி மடங்கு வேக வித்தியாசம் இருக்கிறது. வெப்பநிலையை ஏற்றி அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறார்கள். ஈடு நியாயமானதுதான். ஆனாலும் ஒன்பது சுழியங்களைத் தாண்டும் தாவல் அது என்பதைச் சோதனை அட்டவணையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தடிமனும் அலைநீளமும்

ஸ்காட்லாந்தின் பெரிக்ஷர் கடற்கரையின் வளைந்த அடுக்குகளைப் பார்த்த சர் ஜேம்ஸ் ஹால், மேசையில் துணிகளை அடுக்கி, மேலே பாரம் வைத்து, பக்கவாட்டில் நெருக்கி மடிப்பு வரவழைத்துக் காட்டினார்; அந்தச் சோதனை 1815-இல் அச்சானது. ‘ஏன் இந்த அளவு மடிப்பு?’ என்ற கேள்விக்கு எண்ணில் விடை சொன்னவர் 1961-இல் மாரிஸ் பியோ. மென்மையான பொருளுக்குள் கிடக்கும் கெட்டி அடுக்கு எந்த அலைநீளத்தில் வளையும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அடுக்கின் தடிமன், இரண்டு பொருள்களின் பாகுநிலை விகிதம். விகிதத்தை ஆறால் வகுத்துக் கனமூலம் எடுத்து, தடிமனாலும் 6.28-ஆலும் பெருக்க வேண்டும். ஒரு மீட்டர் தடிமன், விகிதம் 100 என்றால் அலைநீளம் 16 மீட்டர். விகிதம் 10 என்றால் 7.5 மீட்டர். விகிதம் பத்து மடங்கு மாறினாலும் அலைநீளம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் அலைநீளமும் முழுசாக இரண்டு மடங்காகிறது. மெல்லிய அடுக்கில் சிறு மடிப்பும் தடித்த அடுக்கில் பெரு மடிப்பும் ஒரே பாறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

பரப்பளவுக் கணக்கு

1910-இல் ரோலின் சேம்பர்லின் மத்தியப் பென்சில்வேனியாவின் மடிப்புகளில் இறங்கிக் கேட்ட கேள்வி: இந்த மடிப்புகள் எவ்வளவு ஆழம் வரை போகின்றன? தோண்டாமலே விடை காணும் வழி ஒன்று உண்டு. பக்கவாட்டில் நெருக்கும்போது உள்ளே தள்ளப்பட்ட பாறை மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். பழைய மட்டத்துக்கு மேலே எழும்பிய பகுதியின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சுருக்கத்தால் வகுத்தால் ஆழம் வந்துவிடும். எழும்பிய பரப்பு 10 சதுர கி.மீ., சுருக்கம் 5 கி.மீ. என்றால், நழுவிய தளம் 2 கி.மீ. ஆழத்தில். நாலாம் வகுப்பு வகுத்தல்தான். ஆனால் மண்ணுக்கு அடியில் யாரும் பார்த்திராத தளத்துக்கு அது முகவரி கொடுத்துவிடுகிறது.

இந்த வகுத்தலுக்குத் தக்க இடம் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் வளைந்து கிடக்கும் யூரா மலை. மேலே ஒன்று முதல் இரண்டு கி.மீ. தடிமனுக்குச் சுண்ணாம்பும் மார்ல் களியும். அடியில் டிரையாசிக் காலத்து உப்பு, ஜிப்சம், அன்ஹைட்ரைட். அதற்கும் அடியில் பழைய படிகப் பாறை. 3.7 கி.மீ. நீளமான வைசன்ஸ்டைன் ரயில் சுரங்கமும், 1915-இல் திறந்த 8.6 கி.மீ. கிரென்சன்பெர்க் சுரங்கமும் மடிப்புகளின் வயிற்றைக் கிழித்துப் போயின. ஆகுஸ்ட் பக்ஸ்டார்ஃப் அந்தக் குறுக்குவெட்டுகளை வரைந்தார். மடிப்பின் கருவில் டிரையாசிக் பாறை வரைக்கும் வருகிறது. அதற்குக் கீழே உள்ள படிகப் பாறை எந்த மடிப்பிலும் தலைகாட்டவில்லை. மேலடுக்குகள் உப்பின் மேல் கழன்று, தனியாக வழுக்கி, தனியாக மடிந்திருக்கின்றன.

இதைத் தொகையாக எழுதலாம். யூராவின் நடுப்பகுதியில் சுருக்கம் 25 முதல் 30 கி.மீ. வரை என்று கணிக்கிறார்கள். குறைந்த எண்ணை எடுத்து, மேலடுக்குகளின் தடிமன் 1.5 கி.மீ. என்று வைத்தால், 37.5 சதுர கி.மீ. பரப்புள்ள பாறை மேலே எழும்பியிருக்க வேண்டும். 50 கி.மீ. அகலத்தில் பரப்பினால் சராசரி 750 மீட்டர். மடிப்புகளில் தெரியும் ஏற்றத்தோடு இது பொருந்துகிற அளவு. படிகப் பாறையும் 10 கி.மீ. தடிமனுக்குச் சேர்ந்து மடிந்திருந்தால் எழும்ப வேண்டியது 250 சதுர கி.மீ. அவ்வளவு பாறைக்கு யூராவில் இடமே இல்லை.

அப்படியானால் அடிப்பாறையின் 25 கி.மீ. சுருக்கம் எங்கே? மேலே சுருங்கினால் கீழேயும் எங்காவது சுருங்கியாக வேண்டும். அந்தப் பற்று தெற்கே, ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் எழுதப்பட்டிருக்கிறது. மேலடுக்குகள் நடுவிலுள்ள தாழ்நிலத்தைச் சேதமில்லாமல் கடந்து, உப்பின் மேல் வழுக்கிப்போய் யூராவில் மடிந்தன. ஒரு மலையின் கணக்கை மூட அடுத்த மலையின் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. யூரா மடிந்தது சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 80 லட்சம் ஆண்டுகளில் என்று கொண்டால், வேகம் ஆண்டுக்கு 3 மி.மீ.தான்.

ஒரு மீட்டரில் 35 கிலோமீட்டர்

அதே சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலம். ஷ்வாண்டன் ஊருக்கு அருகே லோக்சைட் என்ற சிறு பாறைமுகம். தலைக்கு மேலே கூரையாக நீட்டிக்கொண்டிருப்பது வெருக்கானோ என்ற பழைய பாறை. வயது 25 முதல் 30 கோடி ஆண்டு. காலடியில் சாம்பல் நிறத்து ஃபிளிஷ் களிப்பாறை, வயது 3.5 முதல் 5 கோடி ஆண்டு. மூத்தது மேலே, இளையது கீழே. இரண்டுக்கும் நடுவே வெளிறிய மஞ்சள் கலந்த சுண்ணாம்புப் பட்டை, சுமார் ஒரு மீட்டர் தடிமன். பட்டைக்குள் வரிகள் நெளிந்து, சுருண்டு, கசங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஊடே கத்தியால் கீறியது போல நேரான ஒரு கோடு ஓடுகிறது. கையை வைத்தால் ஒரு விரல் இந்தப் பக்கம், அடுத்த விரல் அந்தப் பக்கம்.

மேலே உள்ள தட்டு வடக்கு நோக்கி நகர்ந்த தூரம் குறைந்தது 35 கி.மீ. அந்த நகர்வில் பெரும்பகுதியை இந்த ஒரு மீட்டர் பட்டை தாங்கியிருக்கிறது என்றால் துணிப்புத் திரிபு, அதாவது நகர்வைத் தடிமனால் வகுத்த எண், 35,000. மடிப்புக் கணக்கில் 0.3, 0.5 என்று எழுதிப் பழகிய கைக்கு இந்த எண் நடுக்கம் தரும். நகர்வு ஒரு கோடி ஆண்டு நீடித்தது என்று வைத்தால் ஆண்டுக்கு 3.5 மி.மீ.; பட்டைக்குள் திரிபு வீதம் வினாடிக்கு 10⁻¹⁰. மலையின் பொது வேகத்தைவிடப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் மடங்கு வரை அதிகம்.

செலவையும் போட்டுப் பார்க்கலாம். உராய்வுத் தகைவு 10 மெகாபாஸ்கல் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3.5×10¹¹ ஜூல், ஏறத்தாழ 97,000 யூனிட். இதையும் ஒரு கோடி ஆண்டுக்குப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 1.1 மில்லிவாட். கண்டங்களின் தரை வழியே பூமி எப்போதும் கசியவிடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 65 மில்லிவாட் அளவில் இருக்கிறது. அதன் ஓரத்தில் இந்த 1.1 தெரியவே தெரியாது.

தகராறு வேறு இடத்தில் இருந்தது. ஆர்னால்ட் எஷர் 1840-களிலேயே மூத்த பாறை இளைய பாறையின் மேல் கிடப்பதைக் கண்டார். ஆனால் இவ்வளவு தூரம் ஒரு தட்டு ஏறிச் சரிந்தது என்று எழுதத் தயங்கி, எதிரெதிராகப் பார்க்கும் இரட்டை மடிப்பாக விளக்கினார். அவருடைய மாணவர் ஹைம் அதை விடாமல் காத்தார். 1884-இல் பிரெஞ்சுக்காரர் மார்செல் பெர்த்ரான், அந்த இடத்தைப் பார்க்காமலே, வெளியான படங்களை வைத்துக்கொண்டு ஒரே நகர்வு போதும் என்று எழுதினார். ஹைம் ஒப்புக்கொள்ள 1900-களின் தொடக்கம் வரை ஆயிற்று. ஒப்புக்கொண்டது அவருடைய பெருமை என்றே நினைக்கிறேன். வாழ்நாள் உழைப்பால் வரைந்த படங்களை ஒருவர் தானே திருத்துவது எளிதல்ல.

தயக்கத்துக்கு நியாயமான எண்ணும் இருந்தது. 100 கி.மீ. நீளத் தட்டைப் பின்னாலிருந்து தள்ளுவோம். உராய்வுக் குணகம் 0.6. தேவையான அழுத்தம் 1,590 மெகாபாஸ்கல். தட்டின் தடிமன் எதுவானாலும் விடை மாறாது. நல்ல கருங்கல் 200 மெகாபாஸ்கல் அளவிலேயே நொறுங்கிவிடும். எட்டு மடங்கு பற்றாக்குறை. ஸ்மோலுகோவ்ஸ்கி 1909-இல் எழுப்பிய இந்தச் சிக்கலுக்கு 1959-இல் கிங் ஹப்பர்ட்டும் வில்லியம் ரூபியும் துளைநீரைக் காட்டி வழி சொன்னார்கள். பாறைத் துளைகளில் அடைபட்ட நீர் மேலிருக்கும் பாரத்தில் 90 சதவீதத்தைத் தாங்கினால் உராய்வு பத்தில் ஒன்றாகிறது. 1,590 இறங்கி 159 ஆகிறது. கல் தாங்கும் எல்லைக்குள் வந்துவிட்டது.

எண்ணெய்க் கிணறுகள்

இந்தக் கணக்குக்குப் பணமதிப்பு வந்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா. கல்கரிக்கு மேற்கே யாம்னுஸ்கா மலையின் செங்குத்துச் சுவர் 50 கோடி ஆண்டு வயதுள்ள கேம்பிரியன் சுண்ணாம்பு. சுவரின் அடியில் மரங்கள் மூடிய சரிவு சுமார் 8 கோடி ஆண்டு வயதுள்ள கிரெட்டேசியஸ் பாறை. இரண்டுக்கும் இடையிலான மக்கானல் த்ரஸ்ட் என்ற பிளவில் நகர்வு சுமார் 40 கி.மீ. ராக்கி மலைகளின் அடிவாரத்தில் டர்னர் பள்ளத்தாக்கில் 1914 மே 14 அன்று எரிவாயு பொங்கியது. 1936-இல் 2,000 மீட்டருக்கும் ஆழமான கிணற்றில் கச்சா எண்ணெய். மேலே பார்த்தால் சாதாரண மேல்மடிப்பு. கீழே அதுவே ஒரு பிளவின் மேல் ஏறி வந்த தட்டு. தரைமேல் தெரியும் மடிப்பின் முகட்டுக்கு நேர் கீழே எண்ணெய்ப் பாறையின் முகடு இருக்கும் என்ற உறுதி இங்கே கிடையாது.

நில அதிர்வு அலைகளால் எடுத்த படங்களோடு பாலி, கோர்டி, ஸ்டூவர்ட் மூவரும் 1966-இல் வெளியிட்ட கட்டுரை, இந்த மலைகளுக்கு அடியில் படிகப் பாறை மடியாமல் மேற்கு நோக்கி மெல்லச் சரிந்து போவதைக் காட்டியது. 1969-இல் டால்ஸ்ட்ராம் விதியை எழுத்தில் வைத்தார்: குறுக்குவெட்டில் உள்ள ஒவ்வொரு அடுக்கையும் நீட்டிப் படுக்கவைத்தால் எல்லா அடுக்குகளும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும். மேல் அடுக்கு 30 கி.மீ., கீழ் அடுக்கு 24 கி.மீ. என்று வந்தால் 6 கி.மீ. நழுவலை எங்கோ வரையாமல் விட்டிருக்கிறோம். இப்படித் தட்டுத் தட்டாகப் பின்னுக்குத் தள்ளிக் கூட்டியதில் தெற்கு ராக்கி மலைகளின் மொத்தச் சுருக்கம் சுமார் 200 கி.மீ. என்று வந்தது.

விதிக்கு ஓர் எல்லை உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. சமன் ஆகிற படம் உண்மையான படமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே தரைத் தகவலுக்குச் சமன் ஆகும் இரண்டு, மூன்று படங்கள் வரையலாம். சமன் ஆகாத படத்தை மட்டும் அது உறுதியாகத் தள்ளிவிடும். துளைப்பொறியை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தத் தள்ளுபடியே பெரிய லாபம்.

காணாமல் போன பாதி

இவ்வளவும் பாறை ஓடிப்போகாது என்ற நம்பிக்கையில். அப்பலேச்சியனின் மார்ட்டின்ஸ்பர்க் களிப்பாறை அந்த நம்பிக்கையை அசைத்தது. அதில் கிராப்டோலைட் என்ற கடலுயிர்க் கூட்டத்தின் படிவங்கள் உண்டு. வரிசையாக அமைந்த கிண்ணங்களுக்கு இடையேயான தூரம் ஒவ்வோர் இனத்துக்கும் நிலையானது. இயற்கை தந்த அளவுகோல். 1982-இல் ரைட்டும் பிளாட்டும் இதை அளந்து, பாறை ஒரு திசையில் நசுங்கியதற்கு ஈடாக மற்றத் திசைகளில் நீளவில்லை என்று காட்டினார்கள். அவர்கள் கணிப்பில் கன அளவில் ஏறத்தாழ 50 சதவீதம் இழப்பு. அழுத்தத்தில் கரைந்து, நீரோடு போய்விட்டது என்பது விளக்கம்.

இது உண்மையானால் சேம்பர்லின் வகுத்தல் ஆட்டம் கண்டுவிடும். 10 சதுர கி.மீ. எழும்ப வேண்டிய இடத்தில் 2 சதுர கி.மீ. கரைந்து போயிருந்தால் 8-ஐத்தான் அளப்போம், 5 கி.மீ. சுருக்கத்தால் வகுத்தால் ஆழம் 1.6 கி.மீ. என்று வரும். 400 மீட்டர் பிழை. பாதியே போயிருந்தால் பிழை ஒரு முழுக் கிலோமீட்டர். அதே களிப்பாறையில் எளிதில் கரையாத தனிமங்களின் அளவை வைத்துப் பின்னால் வேதிக் கணக்குப் போட்டவர்களுக்கு அவ்வளவு பெரிய இழப்பு தெரியவில்லை. ஒரு பட்டையில் கரைந்தது அடுத்த பட்டையில் படிந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் வேதிக் கணக்கின் பக்கம் நியாயம் கூடுதல்: அவ்வளவு சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, பாறையின் கன அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நீர் ஓடியிருக்க வேண்டும். ஆனால் கிண்ணங்களின் இடைவெளியையும் பொய் என்று தள்ள முடியாது. இரண்டு ஏடும் திறந்தே இருக்கின்றன.

கஞ்சமலை

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையைச் சுற்றி மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறிமாறி வரும் வரிப்பாறை மலையோடு சேர்ந்து வளைகிறது. அந்த மாவட்டத்தின் காந்த இரும்புப் படுகைகளை வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் 1864-லேயே பதிவு செய்தார்கள். இங்கே உருமாற்றத்தின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. வெப்பநிலை 700 டிகிரிக்கு மேல். யூராவில் செய்த கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

பெலம்னைட் கிடையாது, அது பிறக்க இன்னும் 200 கோடி ஆண்டுக்கு மேல் இருந்தது. ஊயிட் மணி இருந்திருந்தாலும் மறுபடிகமாகி உருத்தெரியாமல் போயிருக்கும். அடுக்கின் நீளம் நிலையாக இருந்திருக்காது. பாறை முழுவதும் நெகிழ்ந்த நிலையில் மடிந்தது, மடிந்தது மறுபடி மடிந்தது. பல இடங்களில் வரிகள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கின்றன. அங்கேதான் கொசைன் கைவிடுகிறது. 30 டிகிரிச் சரிவை 31 என்று தவறாகப் படித்தால் 10 கி.மீ. அகலத்துக்குப் பழைய நீளத்தில் பிழை 120 மீட்டர். 60-ஐ 61 என்று படித்தால் 630 மீட்டர். 85-ஐ 86 என்று படித்தால் 115 கி.மீ. என்பது 143 கி.மீ. ஆகிவிடும், ஒரே டிகிரியில் 28 கி.மீ.க்கும் மேல். கையில் பிடிக்கும் சாய்வுமானியின் சாதாரணப் பிழையே ஒன்று, இரண்டு டிகிரி.

ஆகவே இந்த மலைக்கு ‘இத்தனை கிலோமீட்டர் சுருக்கம்’ என்று ஓர் எண்ணைக் கண்டால் அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். இங்கே எழுத முடிவது வேறு வகை வரவு: மடிப்புகளின் வரிசை எது முன், எது பின் என்பது, குவார்ட்ஸ் பட்டையின் தடிமன் மடிப்பின் முகட்டிலும் சரிவிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்பது, கார்னெட் மணிகளின் வேதியியல் சொல்லும் ஆழம், 25 கி.மீ.க்கும் மேல் என்பது. ஆழத்தின் வரிசையில் எண் இருக்கிறது, வயதின் வரிசையில் எண் இருக்கிறது, வெப்பத்தின் வரிசையில் இருக்கிறது. நீளத்தின் வரிசையை நிரப்பாமல் விடுவதே இப்போதைக்குச் சரியான பதிவு.